உலகம் பொறிக்கணக்கா?

உலகம் மாயை என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தவர்களுக்கு மேல்நாட்டிலிருந்து ஒரு புதிய துணை கிடைத்துவிட்டதாக எண்ணம். ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலை அறிஞர் ஒருவர், இவ்வுலகம் முழுதும் யாரோ ஒருவருடைய கணினிக்குள் ஓடும் கணக்கே என்று நிரூபித்துவிட்டாராம். ஆகவே நம் முன்னோர் கண்டதை விஞ்ஞானம் இன்று ஒப்புக்கொண்டுவிட்டதாம். பட்டணத்து இளைஞர் 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி மேட்ரிக்ஸ்' என்னும் ஆங்கிலப் படத்தைச் சான்று காட்டுகின்றனர். தோட்டத்து இளைஞர் கைப்பேசியில் வந்த துண்டுப் படங்களைக் காட்டுகின்றனர். இரு சாராரிடமும் நாம் கேட்டது ஒன்றே: அவ்வறிஞர் எழுதியதைப் படித்தீர்களா? படித்தோம் என்றவர் ஒருவரும் இலர். படியாது போற்றுதல், படியாது தூற்றுதல் ஆகிய இரண்டுமே நமக்கு உடன்பாடில்லையாதலால், அவ்வியாசத்தை ஆங்கில மூலத்திலேயே படித்து, அதில் உள்ளது இன்னது, இல்லாதது இன்னது, நாம் ஏற்க மாட்டாதது இன்னது என்பதை நேயர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

ஆசிரியர் பெயர் நிக் போஸ்ட்ரம்; ஸ்வீடன் நாட்டில் பிறந்தவர். வியாசம் 2003-ஆம் ஆண்டில் 'பிலாசஃபிக்கல் குவார்ட்டர்லி' என்னும் தத்துவ ஏட்டில் வெளியாயிற்று. பதினைந்து பக்கங்களுக்கு உட்பட்டது. நீர் ஒரு கணினிப் பொறியுலகில் வாழ்கின்றீரோ என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டது. விடை 'ஆம்' என்று அதில் எவ்விடத்தும் எழுதப்படவில்லை! அவர் எழுதியது வேறு. மூன்று கூற்றுகளை முன்வைத்து, இவற்றுள் ஒன்றேனும் மெய்யாக இருந்தே தீரவேண்டும் என்கிறார். மனித இனம் மிக உயர்ந்த கணினி வல்லமையை அடையுமுன்னரே அழிந்துவிடும் என்பது முதலாவது. அவ்வல்லமையை அடைந்த எந்தச் சமுதாயமும் தன் முன்னோரின் வாழ்வைக் கணினிக்குள் மறுபடி நடத்திப் பார்க்க விரும்பாது என்பது இரண்டாவது. நாம் இப்போது வாழ்வது அத்தகைய பொறியுலகில்தான் என்பது ஏறக்குறைய உறுதி என்பது மூன்றாவது. மூன்றில் எதை நம்புவது? நம் அறியாமை இருக்கும் நிலையில் மூன்றுக்கும் ஏறத்தாழச் சமமாக நம்பிக்கையைப் பங்கிடுவதே முறை என்று அவரே முடிக்கிறார். 2016-இல் ஈலோன் மஸ்க் என்னும் பெருஞ்செல்வர் ஒரு மேடையில், நாம் அடிப்படை உலகில் இருப்பதற்கு நூறு கோடிகளில் ஒரு பங்கு வாய்ப்புத்தான் உண்டு என்று கூறியதைத்தான் இங்குள்ளவர்கள் போஸ்ட்ரத்தின் வாய்ச்சொல்லாக எண்ணிக்கொண்டிருக்கின்றனர். செல்வர் சொல் அம்பலம் ஏறுவது எந்நாட்டிலும் உண்டு போலும்.

மூன்றாவது கூற்று எவ்வாறு எழுகிறது என்பதைச் சற்று விரித்துரைப்போம். ஒரு கோள் அளவு பெருத்த கணினியைப் பிற்காலத்தார் செய்துவிட்டார்கள் என்று கொள்வோம். அவர்கள் தம் முன்னோருடைய மூளைகளின் இயக்கத்தை அதில் கணக்கிட்டு ஓட்டலாம். ஒரு முறை ஓட்டியவர் பலகோடி முறை ஓட்டலாம். அப்போது மெய்யாகப் பிறந்த மனிதரைக் காட்டிலும் பொறிக்குள் தோன்றிய மனிதர் பன்மடங்கு மிகுந்துவிடுவர். உள்ளிருந்து நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுமாதலால், 'நான் எக்கூட்டத்தான்' என்று ஒருவன் கேட்டால், பெருங்கூட்டத்தில் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. இதுவே வாதத்தின் உயிர்நாடி. லாட்டரிச் சீட்டு வாங்கியவனுக்கு இந்த யுக்தி உடனே விளங்கும்.

கணக்கும் கொடுக்கிறார். இதுவரை பிறந்த மனிதர் 10,000 கோடி. ஒருவருக்கு 50 ஆண்டு வாழ்வு. ஆண்டுக்கு 3 கோடி வினாடி. ஒரு மூளை வினாடிக்குச் செய்யும் செயல்கள் 1-க்குப் பின் 14 சுழியிலிருந்து 17 சுழி வரை. இவற்றைப் பெருக்கி, மனித இனத்தின் மனவாழ்வு முழுமைக்கும் 1-க்குப் பின் 33 முதல் 36 சுழி வரையிலான செயல்கள் போதும் என்கிறார். கோள் அளவுள்ள கணினியோ வினாடிக்கு 1-க்குப் பின் 42 சுழி செய்யவல்லது. ஆக, ஒரு வினாடியில் அதன் ஆற்றலின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டாமாம், ஆதாமுதல் நம் காலம்வரை அனைவரும் பிறந்து, அழுது, காதலித்து, மாள! பேரேடு எழுதிப் பிழைக்கும் நாம் வழக்கம்போல் பெருக்கிச் சரிபார்த்தோம். அவர் தந்த எண்களைப் பெருக்கினால் 34 முதல் 37 சுழிகளும் சில்லறையும் வருகின்றன. பத்து மடங்கு குறைத்து எழுதிவிட்டார். வாதத்திற்கு இதனால் ஊறு இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். அவ்வளவு பெரிய பொறிக்குப் பத்து மடங்கு ஒரு பொருட்டன்று. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று கணித வழியில் இருந்ததை அவரே ஒப்பி, 2011-இல் மற்றொருவருடன் சேர்ந்து அதற்கு ஒட்டுப்போட்டு எழுதியிருக்கிறார். இந்த நேர்மை போற்றத்தக்கது.

நிற்க. இவ்வளவும் எதன்மேல் நிற்கிறது? மூளையின் கணக்கை வேறொரு பொருளில் ஓட்டினால் அங்கும் உணர்வு தோன்றும் என்ற கொள்கையின்மேல் நிற்கிறது. இதை ஆசிரியர் நிரூபிக்கவில்லை. தத்துவவாணரிடையே பரவலாக ஏற்கப்பட்டது என்று சொல்லி எடுத்துக்கொள்கிறார். தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் உண்டு. அதில் ஆள் பெயர், வேலை நாள், வெட்டிய செம்பனைக் குலை, பழைய நாளில் பால்மரக் காட்டில் இறக்கிய பாலின் எடை எல்லாம் உண்டு. அப்புத்தகத்தை எவ்வளவு நுணுக்கமாக எழுதினாலும் அதிலிருந்து ஒரு துளி பால் வடியுமா? ஜான் செர்ல் என்னும் அமெரிக்கத் தத்துவாசிரியர் 1980-இல் இதையே வேறு உவமையால் கேட்டார்: கணினியில் மழையைக் கணக்கிட்டால் யாரேனும் நனைவார்களா? அவ்வாறிருக்க, அறிவையும் உணர்வையும் கணக்கிட்டால் மட்டும் அவை மெய்யாகவே தோன்றிவிடும் என்று ஏன் நம்புகிறீர்கள் என்பது அவர் வினா.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, மறைப்பது முறையன்று. செக்ரோல் ஓடாத புத்தகம். கணினியோ ஓடும் பொறி. மூளையும் ஒரு பொறியே. அதன் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக அதே வேலை செய்யும் செயற்கைத் துண்டுகளால் மாற்றிக்கொண்டே போனால், எந்தத் துண்டோடு உணர்வு அணைந்துபோகும் என்று டேவிட் சால்மர்ஸ் என்பார் கேட்டார். இலகுவில் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று அது. அவரே 2022-இல் வெளியிட்ட 'ரியாலிட்டி ப்ளஸ்' என்னும் பெருநூலில், நாம் பொறியுலகில் இருந்தாலும் அதனால் நம் மரமும் கல்லும் பொய்யாகிவிடா, அவை வேறொரு வகையால் ஆனவை என்பதே பொருள் என்று வாதிக்கிறார். உள்ளே பெய்யும் மழை உள்ளே இருப்பவனை நனைக்கத்தான் செய்யும். மாயை, மாயை என்று கைகொட்டுவோர் இந்நூலைப் பார்ப்பது நலம்; அவர்களுக்குத் துணையாக அழைத்தவரே எதிர்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இவ்விரு வாதங்களில் எது வெல்லும் என்று தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. ஆனால் எது வென்றாலும் போஸ்ட்ரத்தின் வியாசத்துக்கு ஓர் இக்கட்டு உண்டு என்பதே நம் துணிபு. கணக்குக்கு நோகாது என்று கொள்வோம். அப்போது நோகின்ற நாம் கணக்கல்லோம். மூன்றாவது கூற்று அங்கேயே விழுந்துவிடும். கணக்குக்கும் நோகும் என்று கொள்வோம். அப்போது முன்னோர் உலகை ஓட்டுபவன் செய்வது என்ன? இந்த இரண்டாவது வினாவை ஆசிரியர் எவ்வளவு எளிதாகக் கடந்து போகிறார் என்பதுதான் நம்மை எழுதத் தூண்டியது.

அவர் எழுதியதன் கருத்து இது: முன்னோர் உலகை ஓட்டுவது அதில் உள்ளார்க்கு நேரும் துன்பத்தால் அறமன்று எனப் பின்னோர் விலக்கிவிடலாம், ஆயினும் ஒரு மனித இனத்தைப் படைப்பது அறமற்றது என்பது நம் நோக்கில் தெளிவாயில்லை, நம் இனம் இருப்பதைப் பெரும் நன்மையாகவே நாம் கருதுகிறோம். இவ்வளவே. ஓரிரு வரியில் முடிந்தது.

மனித இனம் இருப்பது நன்மை என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் முன்னோர் உலகு என்பது வெறுமனே ஓர் இனத்தைப் படைத்தல் அன்று. நடந்ததை அறிந்தே மறுபடி நடத்துதல். மலாயாத் தமிழருடைய ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1942-இலும் 1943-இலும் ஜப்பானியப் படை சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் அங்கே கொண்டுபோகப்பட்டனர். அடியாலும் பசியாலும் மலேரியாவாலும் வாந்திபேதியாலும் மாண்டனர். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளருள் மிகப் பலருக்குக் கல்லறையும் இல்லை, பெயரெழுதிய ஏடும் இல்லை. சயாம் மரண ரயில் என்ற சொல்லைக் கேட்டதும் வாயடைத்துப்போன பாட்டன்மாரும் பாட்டிமாரும் நம் தோட்டங்களில் இருந்தனர். கணக்குக்கு நோகும் என்பது உண்மையானால், பிற்காலத்து அறிஞன் ஒருவன் வரலாறு கற்கும் ஆசையால் ஒரு விசையைத் தட்டும்போது, அந்தப் பாதை முழுதும் மறுபடி போடப்படும். அதே ஆள் அதே காட்டில் மறுபடி விழுவான். பலகோடி முறை ஓட்டினால் பலகோடி முறை விழுவான். பெயர் எழுதாமல் விட்ட ஏட்டுக்கு ஈடாக இதையா செய்வது? மனித இனத்தைப் படைத்தது பெருநன்மை என்று தராசின் ஒரு தட்டில் வைக்கும் அறிஞர், மற்றைத் தட்டில் எதையும் வைக்கவே இல்லை.

அவர் பக்கத்திலிருந்து ஒரு மறுமொழி எழும். அறமன்று என்பதால் நடவாது என்று ஆகுமா? எல்லாச் சமுதாயங்களும் ஒருமனப்பட்டு விலக்கினாலன்றி இரண்டாவது கூற்று மெய்யாகாது. விலக்காத ஒருவன் இருந்தால் போதும். ஒப்புக்கொள்கிறோம். ரயில் பாதை போட்டவர்களை அறிந்த நமக்கு, அத்தகைய ஒருவன் இருக்கவே மாட்டான் என்று சொல்லத் துணிவில்லை. ஆனால் அப்படியானால் அந்த ஒருவனை எப்பெயரால் அழைப்பது? இங்கேதான் வியாசம் நமக்கு முற்றிலும் கசந்துபோகிறது. பொறியுலகை ஓட்டுவோர் உள்ளிருப்பார்க்குக் கடவுளரை ஒத்தவர் என்கிறார். உலகைப் படைத்தார்கள், எல்லாம் அறிவார்கள், நினைத்தால் விதியை மாற்றுவார்கள். அவர்கள் நன்னடத்தைக்குப் பரிசும் தீநடத்தைக்குத் தண்டனையும் தரலாம், மறுமையும் இருக்கலாம். அவர்களுக்கு மேலும் ஓட்டுவோர் இருக்கலாமாதலால், மேலுள்ளவர் அச்சத்தால் அனைவரும் ஒழுங்காக நடக்க ஏது உண்டாம்! மேலதிகாரி பார்க்கிறார் என்ற அச்சமே ஒழுக்கத்துக்கு வேர் என்ற பழம் பாடத்தைக் கணினிச் சட்டை போர்த்தி மறுபடி கொண்டு வருகிறார். விளையாட்டாக எழுதினார் என்பர் சிலர், இருக்கலாம். துன்பத்தை ஓட்டிக்கொண்டிருப்பவனே தண்டனை வழங்கும் நீதிபதியாகவும் அமர்வது நமக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை.

இன்னொரு குறிப்பும் உண்டு. உலகில் துன்பமே இல்லை, துன்பத்தின் நினைவுகள் மட்டும் பொய்யாக நம் மனத்தில் இடப்பட்டன என்று கொண்டால், தீமை ஏன் உண்டு என்ற பழம் வினாவுக்கு விடை கிடைத்துவிடும் என்கிறார். ஆனால் அதைச் சொல்பவன் அச்சமயம் துன்பப்படாதவனாக இருந்தால்தான் அதைக் கருதவே முடியும் என்று தாமே ஒரு வாக்கியம் சேர்க்கிறார். அந்தச் சிறு வாக்கியத்தை மட்டும் நாம் இருகை கூப்பி வரவேற்கிறோம். வியாசத்தில் நோவு என்ற ஒன்று உள்ளபடியே தலைநீட்டும் இடம் அதுதான். அங்கிருந்து அவர் தொடங்கியிருந்தால் வேறொரு வியாசம் எழுதியிருப்பார்.

அந்த வேறொரு வியாசம் அதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே கதையாக எழுதப்பட்டுவிட்டது. போலந்து நாட்டு ஸ்டானிஸ்லாவ் லெம் 1965-இல் வெளியிட்ட 'சைபீரியட்' என்னும் கதைத் தொகுதியில் அது உள்ளது. குடிகளை வதைத்ததற்காக நாடு கடத்தப்பட்ட அரசன் ஒருவன் ஒரு தனிக்கோளில் இருக்கிறான். டுருல் என்னும் கம்மியன் அவன்மேல் இரங்கி, அவன் விளையாட ஒரு பெட்டிக்குள் சின்னஞ்சிறு ராஜ்யம் ஒன்றைச் செய்து கொடுக்கிறான். நகரம், படை, கலகக்காரர், கொலையாளி, ஏழைகள் எல்லாம் அதில் உண்டு. வீடு திரும்பித் தன் தோழன் கிளபோசியஸிடம் பெருமையாகச் சொல்கிறான். தோழன் பதறிப்போகிறான். அவை வெறும் போலிகள், மின்னோட்டத்தின் ஆட்டம் என்று டுருல் சாதிக்க, நம்மைப்போலவே வருந்துவதாக ஒன்றை நீ செவ்வையாகச் செய்து முடித்தாயானால், அது வருந்தவில்லை என்று எந்த அளவுகோலால் சொல்வாய் என்று தோழன் மடக்குகிறான். இருவரும் ஓடோடித் திரும்பிச் சென்று பார்க்கும்போது பெட்டிக்குள் இருந்தவர்கள் வெளியேறிக் கோள் முழுதும் பரவிவிட்டிருக்கின்றனர், கொடுங்கோலனைக் காணோம்.

போஸ்ட்ரம், நாம் பெட்டிக்குள் இருக்கிறோமா என்று கேட்டார். லெம், பெட்டியைச் செய்ய நீ யார் என்று கேட்டார். கணினி வல்லமை நாளுக்கு நாள் பெருகிவரும் இக்காலத்தில் இரண்டாவது வினாவுக்கே நம்மால் ஏதேனும் செய்யக்கூடும். முதலாவதற்கு விடை கண்டுபிடிக்க வழியே இல்லாதபடி ஆசிரியரே கதவை அடைத்துவிடுகிறார். பொறியில் பிழை தெரிந்துவிட்டால், அதைக் கண்டவர் மூளையை ஓட்டுபவர் திருத்திவிடலாம், அல்லது சில வினாடி பின்சென்று மறுபடி ஓட்டலாம் என்கிறார். சான்று கிடைத்தால் சான்று. கிடைக்காவிடில் அதை அழித்துவிட்டார்கள்! இவ்வகை வாதத்தை நம்மூர் மந்திரவாதியிடம் கேட்டிருக்கிறோம். சைலஸ் பீன் முதலிய பௌதிக நூலார் மூவர் 2012-இல் ஒரு நேரிய முயற்சி செய்தனர். வெளி சதுரங்கப் பலகைபோல் கட்டங் கட்டமாகக் கணக்கிடப்பட்டால், மிக உயர்ந்த சக்தியுள்ள அண்டக்கதிர்கள் வரும் திசைகளில் அக்கட்டத்தின் சாயல் தெரியவேண்டும் என்றனர். அதுவும் பொறி கட்டங்களால் ஆனது என்று வைத்துக்கொண்டால்தான். பொறியின் விதிகள் நம் பௌதிகத்தை ஒத்தவை என்பதற்கே ஆதாரம் இல்லை. பொறிக்குள் கற்ற பௌதிகத்தைக் கொண்டு பொறிக்கு வெளியே உள்ள கணினியின் ஆற்றலை அளப்பது, கிணற்றுக்குள் இருந்துகொண்டு ஊர் நிலத்தின் பரப்பை எழுதுவதுபோலாகும்.

மாயாவாதிகளுக்கு ஒரு சொல் மீதமிருக்கிறது. சங்கரர் சொன்ன மாயைக்குப் பின்னால் பொறியும் இல்லை, மின்சாரமும் இல்லை, விசை தட்டும் ஆளும் இல்லை; உண்டென்றும் இல்லையென்றும் சொல்லவொண்ணாதது உலகம் என்பது அவர் மதம். போஸ்ட்ரம் சொன்னதிலோ கணினி உண்டு, அதைச் செய்த மக்கள் உண்டு, அவர்கள் நிற்கும் மண் உண்டு. தமிழ்நாட்டுச் சைவ சித்தாந்திகளுக்கு மாயை என்பதே பொய்யன்று. உலகுக்கு மூலமான உள்பொருள். இம்மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டு, விஞ்ஞானம் ஒப்பிவிட்டது என்பது எந்தச் சபைக்கும் ஏலாது. போதாக்குறைக்கு 1969-இல் ஜெர்மானியர் கொன்ராட் சூசே, அண்டம் தானே ஒரு கணக்கிடும் பொறி என்று எழுதிய நூலையும் இதனுடன் கலந்துவிடுகின்றனர். அவர் சொன்னதில் பொறியை வெளியிலிருந்து ஓட்டும் ஆள் வேண்டியதில்லை. அது வேறு ஆராய்ச்சி, தனியே எழுதத்தக்கது.

போஸ்ட்ரத்தின் வியாசத்தை ஆசிரியரே இணையத்தில் விலையின்றி வைத்திருக்கிறார். பட்டணத்து வாசக சாலைகளில் கூடும் இளைஞர், ஆங்கிலம் அறிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு இரண்டு மாலைகளில் படித்துவிடலாம். கணக்கு வரும் பகுதியில் தயங்க வேண்டியதில்லை, அறம் வரும் பகுதியில் மட்டும் மெதுவாகப் போகவேண்டும். லெம்மின் கதை மைக்கேல் காண்டலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. அதனை முதல் மாலையிலேயே படித்துவிட்டு வியாசத்துக்கு வருவது நலம்.